முப்பத்தைந்து கிராம் துணி

உலகத்தில் பொறாமை என்று ஒன்று கிடையவே கிடையாது, இருப்பதெல்லாம் அளவுப் பிழைதான் என்பது தராசின் கண்டுபிடிப்பு. எதிர்வீட்டுக்காரனின் வீடு பெரிதாகத் தெரிகிறதா? நாடாவைப் பிடித்து அளந்து பார். நாலு அடி கூட இருக்கும். வெறும் நாலு அடிக்கு எவனாவது வயிறெரிவானா? அளக்காமல் விட்டவன்தான் எரிவான். இதை அவன் விளையாட்டாகச் சொல்வதில்லை. தன் கல்யாணத்தன்று வாழ்த்த வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துவிட்டு இதே தத்துவத்தைக் கால்மணி நேரம் விளக்கியிருக்கிறான். கடைகளுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் போய் எடை இயந்திரங்களைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பது அவன் வேலை. பதினாறு வருடமாக அதே வேலை என்பதால் ஊரே அவனைத் தராசு என்றுதான் கூப்பிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. எந்தப் பொருளையும் உள்ளங்கையில் வைத்தால் ஐந்து கிராம் முன்பின்னாக எடை சொல்லிவிடுவான். சொன்னதைச் சரிபார்க்கச் சொல்லி வற்புறுத்தவும் செய்வான்.

ஆகவே, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குறைமாதக் குழந்தைகளின் கூடத்தில், தன் மகள் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் டாக்டர் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுடைய நெஞ்சுக்குழியில் புகைந்தது எதுவோ, அது பொறாமையாக இருக்க வழியில்லை. காலையில் சாப்பிடாமல் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

மகள் பன்னிரண்டு வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டாள். எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத குடும்பத்தில் முதல் அவசரக்காரி. பிறந்தபோது தொள்ளாயிரத்து அறுபது கிராம். கிலோவுக்கு நாற்பது குறைவு. கடைக்காரன் யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் தராசு அபராதம் எழுதியிருப்பான். யார்மேல் எழுதுவதென்று தெரியாமல் அன்று நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, தொள்ளாயிரத்து அறுபது கிராம் எவ்வளவு இருக்கும் என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் பிரச்சினை.

டாக்டருக்குத் தராசு வைத்த பெயர் பூனை. தன்னைவிட ஆறேழு வயது சின்னவன். ஒல்லி. முகமூடிக் கயிறு மாட்டி மாட்டி ஒரு காது முன்பக்கம் மடங்கியிருக்கும். நடந்தால் சத்தமே வராது, திரும்பினால் பக்கத்தில் நிற்பான். வாயில் 'சார்', 'அவர்'. மனதுக்குள் பூனை, 'அவன்' என்று தராசு இரட்டைக் கணக்கு வைத்திருந்தான். பூனையின் வழக்கம் ஒன்றுதான் அவனுக்குத் தாங்கவே முடியாதது. ஒவ்வொரு பெட்டிக்கும் போவான். உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வான். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வட்டச் சன்னலைத் திறந்து, முக்கால் முழ நீளமுள்ள அந்த ஜீவனிடம் மெல்லிய குரலில், "வணக்கம் மேடம். ரெண்டு நிமிஷம் தொந்தரவு பண்ணலாமா?" என்று கேட்பான்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பான். அதுதான் உச்சம். மேடம் பதில் சொல்லமாட்டார் என்பது மருத்துவம் படிக்காத தராசுக்கே தெரியும். இருந்தும் பூனை ஒரு மரியாதையான இடைவெளி விட்டு, அனுமதி கிடைத்துவிட்டதைப்போலத் தலையாட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவான். ஆண் குழந்தை என்றால் 'சார்'. ஒரு கையைத் தலைமேலும் ஒரு கையைப் பாதங்களிலும் குவித்து வைத்துக்கொண்டு, அசையாமல் பேசுவான்.

"நேத்து நீங்க ரெண்டு தடவை மூச்சு விட மறந்துட்டீங்கன்னு புகார் வந்திருக்கு மேடம். எனக்கும் மறதி உண்டு. சாவி, குடை, பொண்டாட்டி பிறந்தநாள் எல்லாம் மறப்பேன். ஆனா இதை மட்டும் மறக்கறதில்ல."

தலைக்கு மேலே ஒரு திரை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அதில் ஓர் எண் ஓடும். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லது. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் இயந்திரம் கூப்பாடு போடும். பூனை பேசப் பேச அந்த எண் எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று நாலு என்று படியேறும். தராசு வாழ்நாள் முழுவதும் எண்களை நம்பியவன். எண்கள் அவனுக்குத் துரோகம் செய்வது இதுவே முதல்முறை.

ஏனென்றால் அவன் தொட்டால் எண் இறங்கியது. முதல்முறை, கழுவிய கையோடு ஓடிப்போய், ஒரு விரலை உள்ளே விட்டு மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தான். தொண்ணூற்று இரண்டு. எண்பத்தொன்பது. எண்பத்து நாலு. கூப்பாடு. "பாப்பா அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நர்ஸ் வந்து சரிசெய்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவன் விரல் உள்ளே போவதற்குள்ளேயே மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வாரமாகக் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுப்பதில்லை. மனைவி தினமும் குழந்தையைத் தன் வெறும் நெஞ்சோடு அணைத்து நாற்காலியில் மணிக்கணக்காகச் சாய்ந்திருந்தாள். "நீங்களும் வாங்க சார். அப்பா நெஞ்சும் அதே சூடுதான்" என்று பூனை ஒருநாள் அழைத்தபோது, "எனக்கு இருமல்" என்றான் தராசு. அந்த வருடம் முழுக்க அவன் ஒருமுறைகூட இருமியதில்லை.

மனைவியின் பேச்சில் ஒரு புதிய இலக்கணம் குடியேறியிருந்தது. எந்த வாக்கியமும் 'டாக்டர் சொன்னாரு' என்பதில் தொடங்கும், அல்லது அதில் முடியும். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் தராசு எண்ணிப் பார்த்தான். பதினொன்று. தண்ணீர் குடிக்கும்போது சொன்னதைச் சேர்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில், மனைவியின் தம்பியிடம் அவன் நடித்தே காட்டினான். "'வணக்கம் மேடம், உள்ளே வரலாமா மேடம்.' என்னடா படிப்பு இது? ஒரு கிலோவுக்கு என்ன மேடம்? கடைக்குப் போனா முட்டைக்கோஸ்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் வாங்குவானோ?"

தம்பிக்காரன் சிக்னலைப் பார்த்தபடி, "மாமா, எரியுதா?" என்றான்.

"அளவுப் பிழைடா."

"கருகற வாடையே வருது மாமா."

இந்த நிலையில்தான் துணி வந்தது. குழந்தையைச் சுற்றி வைப்பதற்கும், எடை பார்க்க இயந்திரத்தின் தட்டில் விரிப்பதற்கும் மருத்துவமனை ஒரு துணி கொடுத்திருந்தது. துவைத்துத் துவைத்து நிறம் போன மெல்லிய பச்சை. பூனை தன் கையால் மடித்து மடித்துச் சுற்றும் துணி. தராசு மூன்று கடை ஏறி இறங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, மெத்தென்ற ஒரு மஞ்சள் துணியைப் பிடித்தான். நர்ஸ் சொன்னபடி இரண்டு முறை கொதிநீரில் துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். "நல்லா மெத்துனு இருக்கே" என்றாள் நர்ஸ். அந்தக் கூடத்தில் தன்னால் மகளைத் தொடக்கூடிய ஒரே பொருள் அது என்று அவனுக்குப் பட்டது. அது தொட்டால் எண் இறங்கவும் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலை, ஒரு மருந்துக் கம்பெனியில் வேலையாக இருந்தபோது மனைவி கூப்பிட்டாள். குரல் கூரையைத் தொட்டது.

"ஆயிரத்து முன்னூத்தி அஞ்சு! நேத்து ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தஞ்சுதானே? ஒரே நாள்ல அறுபது கிராம்! டாக்டர் பால் அளவை ஏத்தினாரில்ல, அதான். டாக்டர் சொன்னாரு, முன்னூறு தாண்டிட்டதால நாளைக்குப் பக்கத்து ரூமுக்கு மாத்திடலாமாம்."

பக்கத்து அறைக்காகத் தராசு இருபத்து நாலு நாளாகத் தவம் கிடந்தான். அங்கே பெட்டி கிடையாது. தொட்டிலும், பக்கத்தில் அம்மாவுக்கொரு கட்டிலும் இருக்கும், அப்பா நாள் முழுக்க உட்காரலாம். முக்கியமாக, பூனை அங்கே காலையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. மகள் அவர்கள் மகளாகிவிடுவாள். மகிழ்ச்சியில் குதித்திருக்க வேண்டியவன், போனை வைத்துவிட்டு அப்படியே நின்றான். அறுபது கிராமா? தினம் இருபது, இருபத்தைந்து ஏறிக்கொண்டிருந்த பிள்ளை. ஒரே நாளில் அறுபது ஏற அது என்ன, ஈரப் பஞ்சா? அந்த அறுபதும் பூனையின் கணக்கில் வரவு. இனி மனைவி ஆயுளுக்கும் சொல்வாள்: டாக்டர் ஏத்தினாரு, அறுபது கிராம். முடியாது. இயந்திரம் தப்பு. பதினாறு வருட அனுபவம் சொல்கிறது, பூனையின் இயந்திரம் தப்பு.

மத்தியானமே எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியோடு மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டான். டாக்டர் மறுப்பார், ஈகோ பிடித்து ஆடுவார், அதை வைத்து இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். பூனையோ கண்ணெல்லாம் மலர்ந்து, "நீங்க இந்த வேலையா சார்? முதல்லயே சொல்லக் கூடாதா? மருந்து, பால் எல்லாமே எடையை வச்சுத்தான் கணக்குப் போடறோம். வாங்க, வாங்க" என்று தானே நாற்காலியை நகர்த்தி இடம் செய்து கொடுத்தான். ஒத்திகை பார்த்த இரண்டு வார்த்தைகளும் வீணாகப் போயின.

தராசு வேலையைத் தொடங்கினான். அதை அவன் செய்வதைப் பார்க்க வேண்டும். எடைக்கற்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தான். மட்டம் காட்டும் குமிழைப் பார்த்து இயந்திரத்தின் கால்களைத் திருகினான். பிறகு கற்களை மேசையில் பரப்பிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான்.

"என்ன, வைக்கலையா?" என்றாள் நர்ஸ்.

"வெளியிலேர்ந்து வந்திருக்கு சிஸ்டர். இந்த ரூம் சூட்டுக்கு வரணும். அவசரப்பட்டா பொய் சொல்லும்."

இந்த இயந்திரத்துக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆனாலும் அவன் தராசு. ஒரு மணி நேரம் காத்திருந்தான். பிறகு கையுறை மாட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வைப்பது தட்டுக்கே தெரியாதபடி இறக்கினான். "வாடா ராஜா. மெதுவா. உக்காரு, உக்காரு" என்று உதட்டுக்குள் முனகியது அவனுக்குத் தெரியாது. பின்னால் நின்ற மனைவிக்குத் தெரிந்தது.

ஆயிரம் வைத்தால் ஆயிரம். முன்னூறு சேர்த்தால் ஆயிரத்து முன்னூறு. ஐந்து சேர்த்தால் ஐந்து கூடியது. பூனையின் இயந்திரம் குந்துமணியளவும் பிசகவில்லை.

"நன்றி சார். இனிமே எனக்குத் தூக்கம் வரும்" என்றார் டாக்டர், கேலியே இல்லாமல். "இவங்க எழுந்திருக்கிற நேரம்தான். எதுக்கும் இன்னொரு தடவை எடை பார்த்துடலாம்."

நர்ஸ் மஞ்சள் துணியைத் தட்டில் விரித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். துணியின் எடையைக் கழித்துக் காட்ட இயந்திரத்துக்கு முன்பே சொல்லிவைத்திருக்கும் பொத்தான் அது. அழுத்திவிட்டு வழக்கம்போலப் பெட்டி பக்கம் திரும்பினாள். டாக்டரும் திரும்பி, உள்ளங்கைகளைத் தேய்த்து, "வணக்கம் மேடம்" என்று ஆரம்பித்தார். மனைவியின் கண்ணும் அங்கேதான். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தராசு மட்டும்தான். தட்டில் துணி மட்டும் இருந்தது. பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் முப்பத்தைந்து காட்டியது.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பொத்தானுக்குத் தெரிந்தது பழைய பச்சைத் துணி. பட்டுப்போல மெத்தென்று இருப்பதற்கான விலையை மஞ்சள் துணி எடையில் கொடுத்திருந்தது. அறுபதில் முப்பத்தைந்து துணி. மகள் ஏறியது இருபத்தைந்து. அவள் முன்னூறைத் தாண்டவேயில்லை.

சும்மா இருந்தால் போதும். இப்போது குழந்தையை வைப்பார்கள், காலையில் பார்த்த எடையே வரும், எல்லோரும் சிரிப்பார்கள், நாளைக்குப் பக்கத்து அறை. பூனை இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம். முப்பத்தைந்து கிராம் என்ன, ஒரு கைப்பிடி பொரி. தட்டுக்கு அடியில் சுண்டுவிரல் கொடுத்துத் தூக்கிய எத்தனையோ வியாபாரிகள் அவனிடம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்: சின்ன வித்தியாசம்தானே சார். அவர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. மருந்து, பால் எல்லாமே எடையை வைத்துத்தான் என்று சற்று முன் கேட்டதும் வந்தது.

"சிஸ்டர், நில்லுங்க" என்றான். "துணி கனம். நான் வாங்கின துணி."

துணிகளைத் தனித்தனியாக எடை போட்டார்கள். பச்சை அறுபது. மஞ்சள் தொண்ணூற்று ஐந்து. பிறகு பச்சைத் துணியில் மகளை வைத்தார்கள். ஆயிரத்து இருநூற்று எழுபது.

டாக்டர் கோப்பைத் திறந்து, காலை எடையைக் கோடிட்டு அடித்து, சரியானதை எழுதினார். அதன் கீழே, 'துணி மாறியதை நான் கவனிக்கத் தவறினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், தப்பு என்னோடது."

"துணிதான் சார் உங்களுது. எடை போடறது எங்க வேலை." பேனாவை மூடினார். "நல்ல நேரத்துல சொன்னீங்க. இன்னும் ரெண்டு நாள்ல தாண்டிடுவாங்க. இருபத்தஞ்சு கிராம் சும்மா இல்ல."

செய்த தப்பைக்கூட ஒருவன் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டு போவான் என்று தராசு எதிர்பார்க்கவில்லை. இருபத்து நாலு நாளில் அவனுக்குள் புகைந்த புகை அந்த நிமிடத்தில் கொழுந்துவிட்டது. அதை அளக்க அவனிடம் கல் இல்லை.

நடைபாதையில் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறைக்குக் கொண்டுபோக அடுக்கி வைத்திருந்த பை காலடியில் இருந்தது. கத்துவாள் என்று நினைத்து, தள்ளி ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று அவனே ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையால் இரண்டையும் ஒன்றாகத் துடைத்தாள்.

"இரும்புக்கட்டிய ராஜாங்கறீங்க. ரூம் சூட்டுக்கு வரட்டும்னு ஒரு மணி நேரம் காத்திருக்கீங்க. கைபட்டா கெட்டுடும்னு பூ மாதிரி வைக்கிறீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவகிட்ட மட்டும் பச்சத்தண்ணியில கைய நனைச்சுட்டு ஓடிப்போய் தேய் தேய்னு தேய்ச்சீங்களே. ஏங்க?"

அவன் கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தான். சில்லென்றுதான் இருந்தது.

ஐந்து மணிக்கு மறுபடி உள்ளே விட்டார்கள். தராசு கைக்கடிகாரத்தைக் கழற்றினான். முழங்கைவரை கழுவினான். ஈரம் காய்ந்தபின் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பையனைப்போலப் பெட்டியின் அருகே நின்றான். அறை சூட்டுக்கு வரணும். நர்ஸ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் கூடத்தின் கடைசியில், முதுகைக் காட்டியபடி வேறொரு பெட்டியில் இருந்த சாரிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். தராசு இடதுபக்கம் பார்த்தான். வலதுபக்கம் பார்த்தான். வட்டச் சன்னலைத் திறந்து, குனிந்தான்.

"மேடம்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "வணக்கம் மேடம். நான் அப்பா. ரெண்டு நிமிஷம் தொந்தரவு பண்ணலாமா?"

காத்திருந்தான். மூடிய இமைக்குள் ஏதோ உருண்டது. மூக்கில் ஒட்டியிருந்த குழாய் லேசாக அசைந்தது.

"முப்பத்தஞ்சு கிராம் விஷயமா உங்ககிட்ட ஒரு விளக்கம் கொடுக்கணும்" என்றான் இன்னும் மெதுவாக. "இயந்திரத்துல கோளாறு இல்ல. ஆபீசர்தான் சரியில்ல."

கையை உள்ளே கொண்டுபோனான். தட்டுக்குத் தெரியாமல் கல்லை இறக்குவதுபோல இறக்கி, ஒன்றைத் தலைமேல் குவித்தான், ஒன்றைப் பாதங்களுக்கு அடியில். தேய்க்கவில்லை. அசைக்கவும் இல்லை. தலைக்கு மேலே திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பாடு வருமோ என்று காது மட்டும் விறைத்திருந்தது. கண்ணை அவன் மேலே கொண்டுபோகவில்லை.

"மெதுவா," என்றான், "அவசரமில்ல."

உள்ளங்கையில் ஒரு பாதம் ஊன்றியது. விட்டது. மறுபடி ஊன்றி, இந்தமுறை கொஞ்சம் அழுத்தி, அப்படியே நின்றது. எவ்வளவு இருக்கும் என்று அவன் கை வழக்கம்போல யோசிக்கத் தொடங்கியது. ஐந்து கிராம் முன்பின்னாகக்கூட அதற்குச் சொல்லத் தெரியவில்லை.